எட்டரை மணி வெயில்

அக்ரா,
ஆகஸ்ட் 5.

அன்புள்ள தம்பி அயிதேவுக்கு,

அக்கா டெடெய் எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். அம்மாவின் முட்டிவலி முன்பைவிடக் குறைவு. டொரன்டோவில் நீயும் நலமாக இருப்பதாக உன் 'நேர்முள்' இதழைப் பார்த்துத் தெரிந்துகொள்கிறேன். கவலை உள்ளவனால் வாரத்துக்கு நான்கு தலையங்கம் எழுத முடியாது.

கடந்த ஜனவரியில் உன் இதழ் என் மேசைக்கு வந்ததை உனக்குச் சொல்லவில்லை. இணைய இதழ்களின் அரசியல் சாய்வையும் நம்பகத்தையும் அளந்து முத்திரை கொடுப்பது எங்கள் அலுவலகத்தின் வேலை. ஆசிரியர் என் தம்பி, எனவே நான் அளக்கக்கூடாது என்று இயக்குநர் பேனர்மனிடம் சொன்னேன். "அப்ப இன்னும் நல்லதாப் போச்சும்மா, ஆளைத் தெரிஞ்சவங்க அளந்தாதானே சரியா வரும்" என்றார்.

அளக்கும் படிவம் வெளிநாட்டிலிருந்து வந்தது. இடதுசாரியா வலதுசாரியா என்று கேட்கிறது. நம் இரண்டு கட்சிகளும் ஆளும்போது ஒரு மாதிரியும் ஆளாதபோது வேறு மாதிரியும் பேசுவதால் அந்தக் கேள்வியை விட்டுவிட்டு, வசவுகளை எண்ணினேன். ஆளும் கட்சிக்கு நாற்பத்தொன்று, எதிர்க்கட்சிக்கு நாற்பது. இதைவிட நடுநிலை உலகத்தில் கிடையாது. எழுதியிருப்பது உண்மையா என்ற கேள்வி செய்தி இதழ்களுக்கு மட்டும்தானாம். கருத்து இதழ்களுக்கு விலக்கு. பச்சை முத்திரை குத்தினேன். மிகவும் நம்பத்தக்கது என்று பொருள்.

ஜூன் நான்காம் தேதி உன் இதழில் 'கடற்கரைப் பார்வையாளர்' என்ற புனைபெயரில் வந்ததைப் பிறகு படித்தேன். இடைத்தேர்தல் முடிவு வந்த முந்தின நாள் மாலை, நம் புக்கோம் தெருவில் தலைமையாசிரியர் ஒடார்டே மாணவர்களைத் திரட்டிக் கொட்டடித்து, எதிர்க்கட்சியின் வெற்றியைக் கொண்டாடினாராம். "எட்டரை மணி வெயில் கடலில் பொன்னாக உருகிக்கொண்டிருந்தது" என்று தொடங்குகிறது. அழகான வரி. அக்ராவில் ஆறரைக்கெல்லாம் விளக்கேற்றிவிடுகிறோம் என்பது மட்டும்தான் குறை. பன்னிரண்டு வருடக் கனடாக் கோடைகள் உன் பார்வையாளரின் பகலை நீட்டிவிட்டிருக்கின்றன. அவர் யார் என்று அப்போதே தெரிந்துவிட்டது.

மீன் புகைபோடும் ஷோர்மே அக்காவிடம் அதைப் படித்துக் காட்டினேன். வெயிலைக் கேட்டுச் சிரித்தவள், கொட்டு என்றதும் கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள். "ஏண்டி, அது பண்டிகைக்கு முன்னாடி சாமிக்காகக் கொட்டுக்குத் தடை போட்ட மாசம்டி! எவனாவது தட்டியிருந்தா போலீசுக்கு முன்னாடி நம்ம பூசாரிங்க வந்து கொட்டைத் தூக்கிட்டுப் போயிருப்பாங்க. எழுதினவன் எந்த ஊர்க்காரன்?" நம் ஊர்க்காரன்தான் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஆறு வருடங்களுக்கு முந்தைய ஹோமோவோ பண்டிகையில், ஒடார்டே வாத்தியார் தம் பேரனின் கொட்டைக் கையில் பிடித்துக்கொண்டு நின்ற காணொளி ஒன்று சுற்றுகிறது. நீ பார்த்தது அதுதான். வாசிக்கவில்லை, பிடித்துக்கொண்டு நின்றார். "எனக்கு சர்ச்சுல கை தட்டினாலே தாளம் தப்பும்மா, பக்கத்து பெஞ்சுக்காரங்க முறைப்பாங்க" என்கிறார் பாவம்.

இதெல்லாம் புக்கோமில் எல்லோருக்கும் தெரியும். ஆனால் புக்கோமில் உன் இதழை யாரும் படிப்பதில்லை. படிப்பவர்கள் டொரன்டோவிலும் கல்வி அலுவலகத்திலும் இருக்கிறார்கள். வாத்தியாரைப் பணி இடைநீக்கம் செய்து ஏழு வாரம் ஆகிறது. நடந்ததை அவர் எடுத்துச் சொன்னபோது அதிகாரி கேட்டாராம்: "ஐயா, அது பச்சை முத்திரை வாங்கின இதழு. உங்ககிட்ட என்ன முத்திரை இருக்கு?"

விசாரணை வருகிற செவ்வாய்க்கிழமை. குற்றம் உறுதியானால் பள்ளி வளாகத்து வீட்டைக் காலி செய்ய வேண்டும். ஓய்வுக்கு இரண்டு வருடம் இருக்கிறது. அவர் மனைவி பாத்திரங்களைத் தாளில் சுற்றத் தொடங்கிவிட்டார்.

தொலைபேசியில் உன்னிடம் சொன்னபோது, "அக்கா, அது செய்தி இல்ல, கருத்து. கருத்துல எப்படித் தப்பு வரும்?" என்றாய். யோசித்துப் பார்த்தேன். ஒடார்டே மோசமான தலைமையாசிரியர் என்பது கருத்து. நானே சில காலம் அந்தக் கருத்தில் இருந்தேன். ஜூன் மூன்றாம் தேதி அவர் கொட்டடித்தார் என்பது கருத்து இல்லை, தம்பி. அது பொய். அதை நீ நல்ல நடையில் எழுதியிருக்கிறாய். அவ்வளவுதான்.

பச்சை முத்திரையைத் திரும்பப் பெறச் சொல்லி நேற்று என் பெயரிட்டுக் கடிதம் கொடுத்தேன். ஜனவரியில் செய்தது தவறு என்றும் எழுதினேன். "ஒண்ணை எடுத்தா மத்த முத்திரையெல்லாம் என்னம்மா ஆகும்?" என்று இயக்குநர் மிரண்டுபோனார். குழுவில் வைத்துப் பேசுவார்களாம், அக்டோபரில். என் வேலை அதுவரை இருக்குமா தெரியாது. எப்படியானாலும் செவ்வாய்க்கிழமைக்கு அது உதவாது. உதவக்கூடியது உன் மறுப்பு ஒன்றுதான்.

'வருந்துகிறோம்' என்று இதழின் பெயரில் எழுதாதே. 'சூழலிலிருந்து பிரித்துப் புரிந்துகொள்ளப்பட்டது' என்றும் எழுதாதே. அந்த மாலை நான் அங்கே இல்லை, பார்க்காததைப் பார்த்ததாக எழுதினேன் என்று எழுது. அம்மாவுக்கு இன்னும் விஷயம் தெரியாது. தன் மகன் கனடாவில் நியாயத்துக்காக எழுதுகிறான் என்று சந்தையில் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

சனிக்கிழமை ஹோமோவோ. ஞாயிறு விடியலில் வழக்கம்போல வீடு வீடாகப் போய்க் கட்டிக்கொண்டு வருடத்தின் மனக்கசப்பைக் கழிக்க வேண்டும். அம்மாவைக் கைத்தாங்கலாக அழைத்துப் போவது நான்தான். ஒடார்டே வாத்தியார் வீட்டு வாசலிலும் நிற்போம். அவர் என்னைக் கட்டிக்கொள்வார், அம்மாவிடம் உன்னை விசாரிப்பார். அதற்கு முன்னால் உன் மறுப்பு வந்து சேரட்டும்.

உனக்கு நீண்ட ஆயுள் கிடைக்கட்டும். நம் நடுவே கருப்புப் பூனை எதுவும் குறுக்கே போகாமல் இருக்கட்டும். அடுத்த வருடமும் நாம் ஒருவரும் குறையாமல் சேர்ந்து உட்காருவோம். மறுப்பின் கீழே உன் பெயரை எழுது, அயிதே. ஊரையும் எழுது.

உன் அக்கா,
டெடெய்