சொல்லாமல் வைத்திருந்த மருந்து

ஐப்பசி, செவ்வாய்க்கிழமை

என் வீட்டுக்காரருக்கு ரத்தப் புற்றுநோய் என்று தெரிந்து பத்து நாளாகிறது. இதுவரை மாத்திரை மட்டும்தான். "பிஞ்சிலேயே நின்னுபோன செல்லுங்க அது. இந்த மருந்து அதைக் கொல்லாது, முத்த வைக்கும்" என்று டாக்டர் சொன்னது அவருக்குப் பிடித்திருந்தது. ஆயக்குடியில் கொய்யாத் தோப்பு வைத்திருப்பவருக்குப் பிஞ்சு என்றால் புரியாதா?

இன்று இரண்டாவது மருந்தை ஏற்ற வந்த நர்ஸ், பேச்சுவாக்கில், "இது ஆர்சனிக்லருந்து செய்யிறதுங்கண்ணா" என்றுவிட்டாள். அவர் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்.

"பாஷாணமுங்களா? எலிக்கு வைக்கிறதையா எனக்கு ஏத்தப் போறீங்க?" என்றவர் என் பக்கம் திரும்பினார். "ஏம்புள்ள, உனக்குத் தெரியுமா?"

"தெரியுங்க" என்றேன்.

அளவோடு ஏற்றினால் இந்த வகை நோய்க்கு நல்ல மருந்து என்று டாக்டர் போன வாரமே என்னிடம் விளக்கியிருந்தார். கையெழுத்துப் போட்டதும் நான்தான். பயந்து ஊருக்குக் கிளம்பிவிடுவார் என்று மறைத்துவிட்டேன்.

அவர் என்னிடமிருந்து பார்வையைத் திருப்பினார். பிறகு நர்ஸிடம் கையை நீட்டி, "ஏத்துங்க" என்றார். அதற்கப்புறம் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. இட்லியைப் பிட்டுக் கொடுத்தேன், வாங்கிச் சாப்பிட்டார்.

இப்போது தூங்குகிறார். நாலு தடவை எழுந்து மூச்சைப் பார்த்துவிட்டேன். என்னை நம்பித்தான் கையை நீட்டினாரா, வெறுத்துப்போய் நீட்டினாரா? நாளைக்கும் ஏற்ற வேண்டும். பாட்டிலை மாட்டுமுன் அவரிடமே சம்மதம் கேட்கப் போகிறேன். வேண்டாமென்று சொல்லிவிட்டால் என்ன செய்வேன் என்றுதான் தெரியவில்லை.