முன்சக்கரம்

காரைக்குடி

தம்பி,

உன் மக மீனலோசனி ஒரு பெட்டியக் கொண்டாந்தா. "அப்பா உங்ககிட்டச் சேக்கச் சொன்னாக, பெரியப்பா"ன்னா. நீ செத்த கேதத்துக்கு வராதவன் அந்தப் பிள்ளைகிட்ட என்னத்தப் பேச? காப்பி குடிச்சுட்டுப் போகச் சொன்னேன்.

நம்மளப் பெத்த அப்பச்சி ஓட்டின ஹார்லி மோட்டார் சைக்கிளக்கூடக் கழட்டிப் பாதிப் பாதியாப் பங்கு பிரிச்சுக்கிட்ட ஆளுக நாம. முன்சக்கரமும் டேங்கும் உனக்கு. இஞ்சினும் பின்சக்கரமும் எனக்கு. "எண்ணெய் மட்டும் போட்டு வையிங்கண்ணே"ன்னு சொல்லிட்டுப் போன. அதுக்கப்புறம் முப்பது வருசமா நாம பேசிக்கல.

பெட்டியத் திறந்தா, உன் பங்குச் சாமான் ஒவ்வொண்ணும் எண்ணெய்த் துணியில சுத்தி இருந்துச்சு. என்னோடதுல துருவத் தேய்க்கவே மூணு மாசமாச்சு.

நேத்து ரெண்டு பங்கையும் சேத்துப் பூட்டி முடிச்சேன். கட்டை மேல ஏத்தி வச்சு, முன்சக்கரத்த ஒரு விரலால தள்ளினேன். சத்தமே இல்லாமச் சுத்துச்சு.

பின்சக்கரம் அசையல. இன்னைக்குத்தான் அதுக்கு எண்ணெய் விட்டேன்.

உன் அண்ணன்