வலக்கைக்கு ஆறு கிழமை வேலையில்லை

சாய்ந்தமருது
03.08.1984

அன்பு மகன் ஜவுபருக்கு வாப்பா எழுதிக்கொள்வது, அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் இங்கு உன் உம்மா, தங்கச்சி ஜுனைதா, மாடு கன்று எல்லாம் சுகம், என் வலது தோள் ஒன்றைத் தவிர. அங்கே உன் உடம்பில் ஒன்றையும் தவிர்க்காமல் முழுச் சுகத்தோடு அல்லாஹ் வைத்திருக்கட்டும். மரியாதை இத்தோடு முடிந்தது, இனி வருவதெல்லாம் ஏச்சுத்தான், இருந்து வாசி. எழுத்துக் கோணலாகக் கிடக்கிறதே, வாப்பா தோளை ஆட்டுகிறாரோ என்று பயப்படாதே. முழங்கையை மேசையில் வைத்து விரலால் மட்டும் எழுத அனுமதி வாங்கித்தான் எழுதுகிறேன்.

நீ ரி.வி. அனுப்பினாய், அதற்கு அன்ரனா கட்ட ஓட்டில் ஏறினேன், ஐம்பத்தெட்டு வயதில் எனக்குக் குரங்கென்று நினைப்பு, விழுந்தேன், தோளுக்குள் நரம்பு அறுந்தது, நோன்புப் பெருநாள் கழித்துக் கொழும்பில் வெட்டித் தைத்தார்கள், இதெல்லாம் உனக்குத் தெரியும். உனக்குத் தெரியாதது தைத்த பிறகு அவர்கள் சொன்னது. ஆறு கிழமைக்கு, அதாவது நாற்பத்திரண்டு நாளைக்கு, வலக்கை தன்பாட்டில் ஒரு வேலையும் செய்யக் கூடாது, ஆனால் மூட்டு இறுகாமல் இருக்க அசையவும் வேண்டும், ஆகவே இடக்கைதான் அதைத் தூக்கித் திரிய வேண்டும். கதவு நிலையில் ஒரு கப்பி மாட்டி, கயிற்றின் ஒரு தலைப்பு இடக்கையில், மற்றது வலக்கையில். இடக்கை கீழே இழுக்க வலக்கை உயிர்போன மையத்தைப் போல மேலே போகும். பிறகு மேசையைப் பிடித்துக் குனிந்து நின்று, வலக்கையைத் தொங்கவிட்டு உடம்பை ஆட்டினால் அது தானாக வட்டம் போடும். பார்க்கிறவர்களுக்குச் சிரிப்பாகத்தான் இருக்கும், எனக்கே சிரிப்பு வந்தது, ஆனாலும் சொன்னபடி செய்துகொண்டு வந்தேன், மூன்றாம் கிழமை நீ பேசி அனுப்பிய கசட் வந்து சேரும் வரைக்கும்.

சவுதியிலிருந்து லீவில் வந்த உன் கூட்டாளி மசூர் கசட்டையும் அந்த ஐந்து ஸ்பிரிங் வைத்து நெஞ்சுக்கு நேரே இழுக்கிற சாமானையும் கொண்டுவந்து தந்தான். ரி.வி. பார்க்க வந்த அரைத் தெருவும் வீட்டுக்குள் இருக்கும்போது உன் உம்மா கசட்டைப் போட்டுவிட்டா. நீ என்ன சொன்னாய்? வாப்பா நான் ஆஸ்பத்திரியிலதான் வேல செய்யிறன், எனக்குத் தெரியும், இஞ்ச ரெண்டாம் கிழமையே பாரம் தூக்க வைக்கிறாங்க, நீங்க சோம்பேறித்தனம் பண்ணாம ஸ்பிரிங்க இழுங்க என்றாய். ஆஸ்பத்திரியில் நீ ஓட்டுவது வேன். நான் முப்பது வருசம் மாடு பூட்டினேன், அதற்காக மாட்டுக்கு வைத்தியம் பார்க்கப் போனேனா? சனமெல்லாம் கெக்கட்டம் விட்டுச் சிரித்தது. உன் மாமா ஷரிபுதீன், என்ன மச்சான், மகன் கடல் கடந்து உங்கட குட்டைக் கண்டு புடிச்சிட்டான், நாங்க சாகாமத்து வயல்ல நெல்லுச் சூடடிக்கிறம், நீங்க இஞ்ச கைய ஊஞ்சல் ஆட்டிக்கிட்டு இரிக்கிறீங்க என்றான். உன் உம்மாவுக்கு மகன் சொன்னால் அதற்கு மேல் பேச்சில்லை, மூன்று தரம் திருப்பிப் போட்டா. மூன்று தரமும் சோம்பேறி.

எனக்கு ரோசம் வந்துவிட்டது. ஸ்பிரிங்கை இழுக்கவில்லை, அவ்வளவு மூளை மிச்சமிருந்தது. ஆனால் கப்பியில் இடக்கையை ஏமாற்றிவிட்டு வலக்கையாலேயே தூக்கத் தொடங்கினேன். நாலாம் நாள் தோள் பேக்கரிப் பணிஸ் மாதிரி உப்பி வீங்கியது. கொழும்புக்கு ஓடினோம். அங்கே பயிற்சி கொடுக்கிற நதீரா மிஸ் தோளைத் தொட்டுப் பார்த்துவிட்டு ரேடியோ போல ஒரு பெட்டியைக் கொண்டுவந்து அதன் வயர் இரண்டைத் தோளில் ஒட்டினா. தசை வேலை செய்தால் பெட்டி கரகரக்குமாம், சும்மா இருந்தால் வாய் திறக்காதாம். இடக்கையால் கயிற்றை இழுக்கச் சொன்னா, இழுத்தேன், பெட்டி கரகரவென்றது. மாமா, வலக்கை வேலை செய்யுது என்றா. இல்லை மகள், அது பேசாமக் கிடக்கு என்று சத்தியம் பண்ண வாயெடுத்தேன், பெட்டி மறுபடியும் கரகரத்தது. நல்லகாலம், பொய்ச்சத்தியத்திலிருந்து அல்லாஹ் காப்பாற்றினான். நாலு நாளில் அந்தக் கை உதவி செய்யப் பழகிவிட்டது, எனக்கே தெரியாமல் செய்கிறது. பிறகு மூச்சை விட்டுவிட்டு, இது என் கையே இல்லை, யாரோ மறந்து விட்டுப்போன சாமான் என்று நினைத்துக்கொண்டு இழுத்தேன், பெட்டி அடங்கியது. ஆறு கிழமைக்கு இந்தக் கைக்குச் சோம்பேறித்தனந்தான் மருந்து மாமா, அத யாரும் கெடுக்க விடாதீங்க என்றா. கேட்டாயா, மருந்து என்றா.

தையல் விடவில்லை, அல்ஹம்துலில்லாஹ். விட்டிருந்தால் திரும்பத் தைக்க அங்கே நரம்பு மிச்சமில்லை, கை நெஞ்சுக்கு மேல் எழும்பாதாம். அதைக் கேட்டதும் எனக்கு வயலோ ஓடோ ஞாபகம் வரவில்லை, தொழுகையில் இரண்டு கையையும் காதுவரை தூக்கிச் சொல்கிற தக்பீர்தான் வந்தது. இப்போது இடக்கை மட்டுந்தான் காதுவரை போகிறது, வலக்கை கழுத்துப் பட்டியில் கிடக்கிறது. ஹஜ்ஜுப் பெருநாளைக்கு வருகிறேன் என்று எழுதியிருந்தாய். பெருநாள் தொழுகையில் முதல் ரக்அத்தில் ஏழு, இரண்டாவதில் ஐந்து, பன்னிரண்டு தரமும் இரண்டு கையையும் தூக்கி உன்னோடு தொழ வேண்டும் என்று நான் நாள் எண்ணிக்கொண்டிருக்க, நீ ஒரு கசட்டால் அதைப் பாழாக்கப் பார்த்தாய். வீக்கத்தால் ஒரு கிழமை கூடிவிட்டது, ஆனாலும் பெருநாளைக்குள் மெல்லத் தூக்கலாம் என்று மிஸ் சொல்லியிருக்கிறா, நான் கோபப்படாமல் இருந்தால். அவ அப்படிச் சொன்னதற்கும் காரணம் நீதான். கடைசியில் கையை மடியில் வைத்துக்கொண்டு சும்மா இருக்கும்போது, மாமாக்கு எத்தின பிள்ளைகள் என்று கேட்டா. ஒரு மகன் சவுதியில என்றேன். பெட்டி கரகரத்தது.

ஸ்பிரிங்கை உம்மா கோழிக்கூட்டுக் கதவுக்குப் போட்டிருக்கிறா, இப்போது கதவு தானாக மூடுகிறது, அந்தளவுக்கு உனக்கு நன்மை உண்டு. இனி ஒரு சாமானும் அனுப்பாதே, புத்தியும் அனுப்பாதே. வெயிலில் தண்ணீர் குடி, வேனை மெல்ல ஓட்டு, ஐந்து வக்துத் தொழுகையையும் விட்டுவிடாதே. டிக்கட்டை மட்டும் பிந்தாமல் எடு. பெருநாளன்று தொழுகை ஸப்பில், அந்த வரிசையில், என் வலப்பக்கம் நீ நிற்க வேண்டும், அந்தத் தோளில் வேறு யாரும் இடிக்காமல் பார்த்துக்கொள்வது உன் வேலை. கையை நானே தூக்குவேன், நீ உதவி செய்யக் கூடாது. அல்லாஹ் உன்னைச் சுகத்தோடு கொண்டுவந்து சேர்ப்பானாக, ஆமீன்.

இப்படிக்கு,
டாக்டர் சொல்லிச் சோம்பேறியான உன் வாப்பா,
மீ. ஆதம்பாவா