தீபாவளிப் பட்டியலில் இல்லாத வீடு

என் வசந்தி அக்கா,

கோபமாக இருக்கிறேன். நலம் விசாரிப்பதெல்லாம் பிறகு. முதலில் இதைக் கேள்.

தீபாவளிக்கு இன்னும் மூன்று வாரம். போன வருஷம் உன் துக்கத்தில் யாரும் கொண்டாடவில்லை. யார் யாருக்கு என்ன எடுப்பது என்று நீ இல்லாமல் முடிவு செய்ய வேண்டிய முதல் தீபாவளி இது. நான்கு வீடு. ஓசூரில் அம்மாவோடு அண்ணனும் அண்ணியும். பேரிகையில் சித்தப்பா வீடு. ஜூஜுவாடியில் உன் வீடு. கிருஷ்ணகிரியில் ஒற்றை அறையில் நான். அதையும் ஒரு வீடென்று சேர்த்துக்கொண்டவள் நீ ஒருத்திதான்.

இத்தனை வருஷம் அதை நீ எப்படிச் செய்தாய் என்று எங்களில் யாருக்கும் முழுதாகத் தெரியாது. நான் கவனித்தது ஒன்று. அவரவர்க்கு என்ன வேண்டும் என்று அவரவரிடம் கேட்க மாட்டாய். எனக்கு வேண்டியதை அண்ணியிடம் கேட்பாய். அண்ணிக்கு வேண்டியதைச் சித்தியிடம். "உனுக்கு இன்னா வேணும்னு கேட்டா எல்லாரும் ஒண்ணும் வேணாம்னு பொய் சொல்லுவாங்கடி. அடுத்தவங்கள கேட்டாதான் யாருது கிழிஞ்சிருக்குனு தெரியும்." எங்காவது எழுதி வைத்தாயா? எல்லாவற்றையும் உன் தலைக்குள்ளேயே வைத்துக்கொண்டு போய்விட்டாய். அதனால் உன் மேலும் கோபம்தான்.

இந்த வருஷம் அண்ணன் எடுத்துச் செய்தான். தொழிற்சாலையில் அவன் பிளானிங் பிரிவு அல்லவா. போனிலேயே ஒரு ஷீட் தயார் செய்து எல்லோருக்கும் லிங்க் அனுப்பினான். "ரொம்ப சிம்பிள். வீட்டுக்கு ஒரு பக்கம். அவங்கவங்க பேருக்கு நேரா சைஸு, வேண்டியது எல்லாம் போட்ருங்க. வாங்குறவங்க டிக் பண்ணிருங்க. குழப்பமே கிடையாது."

என் பெயருக்கு நேராக 'ஒன்றும் வேண்டாம்' என்று எழுதினேன். சித்தப்பாவும் அதையே எழுதியிருந்தார். அம்மாவின் பெயருக்கு நேராக அண்ணி எழுதியதும் அதுதான்.

தாய்வீட்டுச் சீர் மகளுக்குப் போவதால், உன் வீட்டுப் பக்கத்துக்கு உன் பெயரையே தலைப்பாகப் போட்டிருக்கிறான். அதன் கீழே மாமா. அவருக்குக் கீழே தீபிகா. பிறகு, உன் பெயரைப் பார்த்தால் அம்மா அழுவாள் என்று தோன்றியிருக்கிறது. உன் பெயரை மட்டும் எடுக்கப்போய், அது போட்ட பக்கத்தையே நீக்கிவிட்டான். அந்தப் பக்கத்தில்தான் உன் கணவரும் உன் மகளும் இருந்தார்கள்.

நான்கு நாள் அப்படியே இருந்தது. எல்லோரும் திறந்து பார்த்தோம். யார் கண்ணிலும் படவில்லை. நான் இரண்டு முறை திறந்தேன், அக்கா. எம்.ஏ. படித்தவள். ஒரு கவிதையில் சொல்லாமல் விடப்பட்டது எது என்று கல்லூரியில் பிள்ளைகளைக் கேட்டுச் சம்பளம் வாங்குகிறவள்.

ஐந்தாம் நாள் தீபிகாவிடமிருந்து செய்தி. "சித்தி, நாங்க வேற லிஸ்ட்டா?"

மாமாவைக் கூப்பிட்டேன். அவருக்கு மனம் நொந்தால் கன்னடம்தான் முதலில் வரும். "இர்லி பிடம்மா" என்றார். இருக்கட்டும் விடும்மா. பிறகு, "பாப்பா கேட்டுட்டா. நானா இருந்தா கேட்டிருக்க மாட்டேன்" என்றார்.

சனிக்கிழமை ஓசூர் போனேன். அண்ணனுக்கு உண்மையாகவே தெரிந்திருக்கவில்லை. முகம் வெளுத்துவிட்டது. "ஐயோ, பக்கமே போயிருச்சா? இரு, இப்பவே சேத்துர்றேன்" என்று போனை எடுத்தான்.

அண்ணி அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை. "சேக்கறதுக்கு முன்ன யோசிச்சுக்குங்க. சீரு பொண்ணுக்குத்தான? பொண்ணே இல்லியே. அவரு நாளைக்கு இன்னொருத்தியக் கட்டிக்கினா அவளுக்கும் நாமதான் எடுத்துக் குடுக்கணுமா?"

அண்ணனின் விரல் போன்மேல் நின்றது. அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. தெரியாமல் அழித்ததைக்கூட மன்னித்திருப்பேன்.

"தீபிகா யாரு அண்ணி?"

"அவள யாரு வேணாம்னா? நான் முறையச் சொன்னேன்."

என்ன முறை இது? நீ இருந்தவரை இந்த வீட்டுப் பெண். நீ போன பிறகு உன் பிள்ளை யாரோவா? நாளை எனக்குக் கல்யாணம் ஆனால் எனக்கும் என் பெயரில் ஒரு பக்கம் திறப்பார்கள். அது எதுவரை இருக்கும்? கேட்டேன். சத்தமாகவே கேட்டேன்.

"ஒரு துணி விஷயத்துக்கு ஏன்டி இந்தக் குதி குதிக்கிற?" என்றான் அண்ணன்.

துணி விஷயமாம்.

அம்மா உள்ளேயிருந்து வந்தாள். எவ்வளவு நேரம் கேட்டுக்கொண்டிருந்தாளோ. "அவ பேர எதுக்குடா எடுத்த?"

"நீ அழுவியேன்னுதாம்மா."

"அழுதா அழுதுட்டுப் போறேன். என் கண்ணு, என் தண்ணி. உனுக்கு இன்னா நஷ்டம்?" அண்ணி பக்கம் திரும்பினாள். "அவரு கட்டிக்கினா கட்டிக்கட்டும். வர்றவளுக்கும் ஒரு பொடவ எடுப்பேன். என் பேத்திக்குச் சோறு போடப் போறவளாச்சே."

அண்ணி நறுக்கிய அவரைக்காயை அலசப் போய்விட்டாள்.

ஷீட்டை மூடிவிட்டோம். ஒரு வெள்ளைத் தாளில் நான்கு வீட்டின் பெயர்களை வட்டமாக எழுதினேன். ஒவ்வொரு வீடும் அடுத்த வீட்டுக்கு எடுக்க வேண்டும். என்ன எடுப்பதென்று வேறு யாரிடமாவது கேட்டுக்கொள்ளலாம். தனக்கென்று எதையும் எழுத யாருக்கும் இடம் இல்லை. இதைவிட எளிய வழி எனக்குத் தெரியவில்லை. உன் வீட்டுக்கு நேராக 'வசந்தி வீடு' என்றே இருக்கிறது. அம்மா அதைப் பார்த்தாள். அழுதாள். பிறகு தாளைக் கேட்டு வாங்கி ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டச் சொன்னாள்.

உன் வீட்டுக்கு எடுக்க வேண்டியது ஓசூர் வீடு. உன் வீட்டுக்கு அடுத்து என் பெயர். எனக்கு என்ன எடுக்கலாம் என்று தீபிகா போன் செய்து கேட்டது யாரைத் தெரியுமா? அண்ணியை. அண்ணி சொன்ன பதிலை அவள் அப்படியே எனக்கு நடித்துக் காட்டினாள். "உங்க சித்திக்குத் துணி எதுவும் வேணாம். நல்ல செருப்பு ஒண்ணு எடு. ஊசி போட்டுத் தச்சதையே இழுத்துக்கினு வந்து எங்கிட்டச் சண்டை போடறா."

சிரித்துவிட்டேன். ஆனாலும் கோபம் இறங்கவில்லை, அக்கா. அண்ணன் இன்னும் ஜூஜுவாடி பக்கம் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளிலும் ஓ.டி. என்கிறான். மாமாவுக்கு ஒரு மெசேஜ் போட்டுவிட்டானாம். கைகூப்பும் படத்தோடு.

மெசேஜ் போதாது. உனக்கு ஒன்று சொல்கிறேன், எழுதியே தருகிறேன். தீபாவளிக்கு முந்தின ஞாயிறு அவனை நானே உன் வீட்டு வாசலுக்கு அழைத்து வருவேன். துணிப்பையை அவன் கையால் கொடுப்பான். பட்டியலிலிருந்து உங்கள் பக்கத்தை எடுத்தது நான்தான் என்று உன் மகளின் முகத்தைப் பார்த்து அவன் வாயால் சொல்வான். சொல்லும்வரை நான் அந்தப் படியை விட்டு நகர மாட்டேன்.

இப்படிக்கு,
கூடப் பிறந்தவள்,
உன் கோமதி