தகரக் கூரைக்குக் கீழே

திண்டிவனம்,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள வெண்ணிலா அப்பாவுக்கு,

பாஞ்சாலி எழுதிக்கொள்வது. எனக்கும் வெண்ணிலாவுக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை. மற்றதை நீங்கள் பதறாமல் படிக்க வேண்டும் என்றுதான் இதை முதலில் சொல்கிறேன். போனில் இதையெல்லாம் சொல்லி முடிக்க என்னால் ஆகாது. லீவில் வந்த குமரேசன் அண்ணன் நீங்கள் இருக்கும் தோகாவுக்குத் திரும்புகிறார் என்றதும் எழுத உட்கார்ந்தேன்.

நாம் வாடகைக்கு விட்டிருந்த மாடி வீடு எரிந்ததை உங்கள் தம்பி பூவரசன் சொல்லியிருப்பார். ஆனால் பார்த்தது நான். வியாழக்கிழமை மத்தியானம் துணி காயப்போட மேலே ஏறினேன். கருகுகிற நாற்றம். தகரத்துக்கு அடியில் நாம் அடித்த தெர்மாகோல் எரிந்து, நெருப்பு சொட்டுச் சொட்டாக விழுந்துகொண்டிருந்தது. அங்கே குடியிருக்கும் பொன்னி குழந்தையை வயிற்றோடு அணைத்துக் குனிந்தபடியே வெளியே ஓடி வந்தாள். விழுந்ததெல்லாம் அவள் முதுகிலும் வலது கையிலும்தான். குழந்தைக்கு ஒரு கொப்புளம்கூட இல்லை. ஈரத் துணிகளை அவள்மேல் போர்த்தியது நான்தானாம். பக்கத்து வீட்டார் சொல்கிறார்கள், எனக்கு நினைவே இல்லை.

முண்டியம்பாக்கம் பெரியாஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறோம். உயிருக்குப் பயமில்லை என்கிறார்கள். விரல்கள் பழையபடி மடங்குமா என்று கேட்டேன். பொறுத்துத்தான் சொல்ல முடியும் என்றார் டாக்டர். தையல் மிஷினை நம்பி இருப்பவள். குழந்தை என்னிடம்தான் இருக்கிறது.

தெர்மாகோலுக்கு மேலே போன ஒயர் சூடேறிப் பற்றிக்கொண்டது என்றார்கள் தீயணைப்புக்காரர்கள். குழந்தை வெக்கை தாங்காமல் அழுகிறது என்று பொன்னியின் புருஷன் சவுரிராயன் கேட்டதால் நாம் செய்த வேலை அது. ஒயரை பைப்பில் விடாமல் வெறுமனே விட்டதும் நாம்தான். நாம் எடுத்த இன்சூரன்ஸ் கட்டடத்துக்கு மட்டுமாம். குடியிருப்பவருக்குக் காயம் பட்டால் அதற்குத் தனியாக எடுத்திருக்க வேண்டுமாம்.

வெள்ளிக்கிழமை ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டார்கள். பூவரசன் எனக்கு முன்பே அங்கே இருந்தார். தெர்மாகோல் அடித்தது, ஒயர் இழுத்தது எல்லாம் குடியிருப்பவர்கள் நமக்குத் தெரியாமல் செய்துகொண்டது என்று அவர் என் முன்னாலேயே சொன்னார். வெளியே வந்து டீ குடித்துக்கொண்டே, “அண்ணி, கேட்டா ஒண்ணும் தெரியாதுன்னு சொல்லிடுங்க. கேஸாச்சுன்னா அண்ணன் அங்க வேலைய வுட்டுட்டு ஓடியாரணும், பேஜாரு” என்றார். நான் முண்டியம்பாக்கத்துக்குப் பஸ் ஏறிவிட்டேன்.

ஆஸ்பத்திரியில் பொன்னி கண்ணைத் திறந்து, “பாப்பாவுக்கு ஃபேன் போட்டு வுடுங்கக்கா, வேர்த்தா தூங்காது” என்றாள். ஸ்டேஷனில் சொன்னது அதற்குள் சவுரிராயன் காதுக்குப் போயிருந்தது. அவன் சத்தம் போடவில்லை. என்னை வராந்தாவுக்கு அழைத்துப் போய், “நாங்க எப்பக்கா ஒயர் இழுத்தோம்?” என்று மட்டும் கேட்டான்.

திரும்பி வந்து நேராக ஸ்டேஷனுக்குப் போனேன். வீடு என் பெயரில் இருக்கிறது, தெர்மாகோல் அடித்தது நாங்கள், ஒயர் இழுத்தது நாங்கள் வைத்த ஆள் என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். வழக்கு என் மேல் வரும். வரட்டும்.

பூவரசன் என்னோடு பேசுவதில்லை. அண்ணனைக் கேட்காமலா ஸ்டேஷனில் அப்படிச் சொன்னேன் என்று வீட்டில் கத்தினாராம், அவர் மனைவி அஸ்வினி வந்து சொன்னாள். கோபத்தில் ஏதோ சொல்லியிருப்பார் என்று எடுத்துக்கொண்டேன். நீங்கள் அப்படிச் சொல்லியிருக்க மாட்டீர்கள். இதைப் பற்றி உங்களிடம் எப்போதும் கேட்கமாட்டேன். நீங்களும் எனக்கு எந்த விளக்கமும் சொல்ல வேண்டாம்.

வேளைக்குச் சாப்பிடுங்கள். வெயிலில் நிற்கும்போது தலைக்குத் துணி கட்டிக்கொள்ளுங்கள். மாதா கோயிலில் பொன்னிக்காக மெழுகுவர்த்தி ஏற்றினேன், உங்களுக்காகவும் ஒன்று ஏற்றினேன். கடிதம் கிடைத்ததும் சவுரிராயனுக்குப் போன் செய்யுங்கள். தெர்மாகோலும் ஒயரும் போட்டது நாங்கள்தான் என்று உங்கள் வாயால் அவனிடம் சொல்லுங்கள். அதற்குப் பிறகு என்னோடு பேசுங்கள்.

உங்கள்
பாஞ்சாலி