பச்சைப் பெட்டியில் விழுந்த மஞ்சள் ஓட்டு

என் நைனாவுக்கு,

ஆசையாகத்தான் எழுத உட்கார்ந்தேன். எழுத எழுதக் கோபம் வருகிறது. வரட்டும். உயிரோடு இருந்தபோது உங்களிடம் சண்டை போட்டு நான் ஒரு நாளும் ஜெயித்ததில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போய்விடுவீர்கள். இப்போதாவது உட்கார்ந்து கேட்பீர்கள் அல்லவா?

முதலில் ஊர்ச் செய்தி. வீடு வீடாக வந்து பெயர் எழுதிக்கொண்டு போகிறார்கள். வரி கட்டினவனுக்கும் படித்தவனுக்கும்தான் ஓட்டு என்கிற பேச்செல்லாம் இனி இல்லையாம். வயசு வந்த எல்லாருக்கும் ஓட்டு. நம் கழனியில் நாற்று நடுகிற முனியம்மாவுக்கும் உண்டு, எனக்கும் உண்டு. "நெஜமாத்தான் சொல்றியா, இல்ல என்னைக் கேலி பண்றியா?" என்று முனியம்மா என்னை இரண்டு தரம் கேட்டுவிட்டுப் போனாள். இதைப் பார்க்க நீங்கள் இல்லையே என்று எனக்கு அன்று சோறு இறங்கவில்லை.

அன்று சாயங்காலமே உங்கள் கட்சிச் செயலாளர் வந்தார். உங்களோடு ஜெயிலில் இருந்தவர்தான். "பொம்பளைங்க ஓட்டுக்கு நீதாம்மா பேசணும். உனக்குத் தெலுங்கும் வரும், தமிழும் வரும்" என்றார். சரியென்று வாயெடுத்தேன். அதற்குள், "உங்க நைனா பண்ணதெல்லாம் நாங்க மனசுல வச்சிக்கல" என்றார்.

மனசில் வைத்துக்கொள்ளவில்லையாம். கேட்டீர்களா நைனா?

நீங்கள் என்ன செய்தீர்கள் என்று இதைப் படிக்கிற மற்றவர்களுக்கும் தெரியட்டும். யுத்தம் முடிந்த மறு வருஷம் வந்த தேர்தல் அது. ஆளுக்கு ஒரு நிறத்தில் பெட்டி வைத்திருந்தார்கள். மறைப்புக்குப் பின்னால் போய், நமக்கு வேண்டிய ஆளின் நிறம் எதுவோ அந்தப் பெட்டியில் சீட்டைப் போட வேண்டும். உங்கள் கட்சிக்கு மஞ்சள் பெட்டி. எதிராளிக்குப் பச்சைப் பெட்டி. ஒரு மாசம் வெயிலில் அலைந்து, தமிழ்க்காரரிடம் தமிழிலும் தெலுங்குக்காரரிடம் தெலுங்கிலும் பேசி, பாதத்தில் வெடிப்போடு வந்து படுப்பீர்கள்.

முந்தின நாள் சந்தை மைதானத்தில் கடைசிக் கூட்டம். சித்தூரிலிருந்து வந்த பேச்சாளருக்குத் தமிழ் வராது. அவர் தெலுங்கில் சொல்லச் சொல்ல, பக்கத்தில் நின்று நீங்கள் தமிழில் சொன்னீர்கள். நானும் அம்மாவும் மாட்டு வண்டி ஓரமாக நின்று கேட்டோம். முடிக்கிறபோது அவர் கையைத் தூக்கி, "பச்ச பெட்டெ" என்று கத்தினார். கூட்டம் உங்களுக்காகக் காத்திருக்கவில்லை. "பச்சப் பொட்டி, பச்சப் பொட்டி" என்று அதுவே திருப்பிக் கத்தியது. நீங்களும் சிரித்துக்கொண்டே கையைத் தூக்கினீர்கள்.

நம் வீட்டுத் தெலுங்கில் பச்ச என்றால் மஞ்சள். அரைத்த மஞ்சளைப் பார்த்து அம்மா அப்படித்தான் சொல்லுவாள். அன்று உங்கள் காதில் அது மஞ்சளாகத்தான் விழுந்தது, என் காதிலும்தான். எதிரே நின்ற பாதிப் பேருக்கு அது இலையின் நிறம் என்பது நம் இரண்டு பேருக்கும் உறைக்கவில்லை.

மறுநாள் பள்ளிக்கூடத்துக்கு வெளியே புளியமரத்தடியில் மோர் ஊற்றிக்கொண்டிருந்தேன். ஓட்டுப் போட்டுவிட்டு வந்த ஏழுமலை என்ற விவசாயி குவளையை வாங்கிக்கொண்டு, "போட்டுட்டேன் கண்ணு. உங்க நைனா கூட்டத்துல சொன்ன மாதிரியே பச்சப் பொட்டியில போட்டேன்" என்றார்.

"எந்தப் பொட்டி?"

"பச்சதான். வேப்பிலை நெறத்துல கீதே, அது. எங்க ஊரு ஆளுங்க அத்தினி பேரும் அதுலதான் போட்டுகினு இருக்காங்க."

 மோர்ப் பானையை அப்படியே விட்டுவிட்டு உங்களிடம் ஓடி வந்தேன். கேட்டதும் உங்கள் முகம் வெளுத்துப்போனது. வரிசையோ தெருமுனை வரைக்கும் நிற்கிறது. பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் நின்று எந்தப் பெட்டியின் பெயரையும் சொல்லக் கூடாது என்று காலையிலேயே எச்சரித்திருந்தார்கள். முருகன் மலையடிவாரக் கடையிலிருந்து மஞ்சள் பொடி வாங்கி வரச் சொன்னீர்கள். தண்ணீரில் குழைத்து உள்ளங்கை நிறையப் பூசிக்கொண்டு, வரிசைக்கு எதிரில் போய்க் கையை விரித்து நின்றீர்கள். வாயைத் திறக்கவில்லை. உங்கள் கண் ஒவ்வொருவரிடமும் கெஞ்சியது. சிலருக்குப் புரிந்தது. சிலர் கோயில் பிரசாதம் என்று நினைத்துத் தொட்டு நெற்றியில் வைத்துக்கொண்டார்கள்.

போலீஸ்காரர் வந்துவிட்டார். "இன்னாய்யா இது?"

"மஞ்சள்."

"இங்க இன்னாத்துக்கு?"

"முருகன் ஊர்ல மஞ்சள் பூசறது தப்புங்களா?"

"தப்பா இல்லையான்னு ஸ்டேசன்ல பேசிக்கலாம், நட."

கையில் மஞ்சளோடே உங்களைக் கூட்டிக்கொண்டு போனார்கள். ஓட்டு முடிகிற வரைக்கும் விடவில்லை.

தொகுதியில் உங்கள் ஆள் ஜெயித்தார். நம் ஊர் ஓட்டுச்சாவடியில் மட்டும் தோற்றார். சுற்றிலும் மஞ்சள், இங்கே மட்டும் எப்படிப் பச்சை என்று கேள்வி வந்தது. போலீஸ்காரரோடு போனவர் ஓட்டு முடிகிற வரைக்கும் திரும்பவே இல்லை என்று ஒருவர் ஆரம்பித்தார். விலை போய்விட்டார் என்று இன்னொருவர் முடித்தார். சந்தையில் பின்னாலிருந்து "பச்சப் பொட்டி வருது பார்" என்பார்கள். நீங்கள் திரும்பிப் பார்க்க மாட்டீர்கள். நான்தான் திரும்பி முறைப்பேன்.

"நடந்ததைச் சொல்லிடுங்க நைனா" என்று எத்தனை தரம் கெஞ்சினேன்?

"அந்தப் பேச்ச எடுக்காதே" என்றீர்கள். "இந்த ஊரு தமிழனுக்கா, தெலுங்கனுக்கான்னு இப்பவே கெளம்பிகினு கீறானுங்க. நான் வாயத் தொறந்தா, தெலுங்குக்காரன் ஏமாத்திட்டான்னு இவன் சொல்வான். தமிழனுக்குக் காது கேக்கலன்னு அவன் சொல்வான். சந்தையிலயே வெட்டிக்குவாங்க. என் பேர் கெட்டா கெட்டுப்போகட்டும்."

பெயர் கெட்டுத்தான் போனது. போன மழைக்காலத்தில் காய்ச்சலில் நீங்கள் போனபோது, உங்கள் மேல் போர்த்தக் கட்சிக் கொடியைக் கேட்டு அம்மா ஆள் அனுப்பினாள். கொடி வரவில்லை. செயலாளர் எதிர்ச்சாரியில் நின்று பார்த்துவிட்டுப் போனார். அதை நான் சாகிற வரைக்கும் மறக்க மாட்டேன்.

அதனால்தான் நைனா, போன சந்தை நாளில் உங்கள் பேச்சை மீறிவிட்டேன். செயலாளர் நாலு பேரோடு பேசிக்கொண்டிருந்த இடத்துக்கே போய், கூட்டம் கூடுகிற வரைக்கும் உரக்கச் சொன்னேன். பெட்டெ, பொட்டி, வேப்பிலை நிறம், போலீஸ்காரர் என்று ஒன்றையும் விடவில்லை.  யார் முதலில் கை ஓங்குவார்கள் என்று பார்த்துக்கொண்டே சொன்னேன்.

ஏழுமலை கூட்டத்தில் இருந்தார். "ஆங், நானும் அதுலதான் போட்டேன். அவர் சொன்னா சரியா இருக்கும்னுதான் போட்டோம்" என்றார். காய்கறி விற்கிற தெலுங்குக்காரி ஒருத்தி, "பச்ச அண்டே பசுப்பு கதா" என்று தலையில் அடித்துக்கொண்டாள். "பச்சன்னா மஞ்சதானேன்றா" என்று பக்கத்திலிருந்தவன் அதைத் தமிழில் சொன்னான். அவ்வளவுதான், ஒருவர் சிரித்தார். அப்புறம் எல்லாரும் சிரித்தார்கள். தமிழ்க்காரர், தெலுங்குக்காரர் எல்லாரும் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வருகிற வரைக்கும் சிரித்தார்கள்.

யாரும் வெட்டிக்கொள்ளவில்லை, நைனா. இந்தச் சிரிப்புக்குப் பயந்தா சாகிற வரைக்கும் வாயை மூடிக்கொண்டிருந்தீர்கள்? ஜனங்களை நீங்கள் இவ்வளவுதான் நம்பினீர்களா? வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

செயலாளர் மட்டும் சிரிக்கவில்லை. "சரிம்மா, தெரிஞ்சிபோச்சு. பழசு எதுக்கு? நாளைலேர்ந்து வேலைக்கு வா" என்றார். தப்பாகப் பேசிவிட்டோம் என்று ஒரு வார்த்தை இதே சந்தையில் சொல்லுங்கள், வருகிறேன் என்றேன். அவர் குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

உங்களுக்குப் பிடிக்காது என்று தெரிந்தே இந்த வாக்கைக் கொடுக்கிறேன். அந்த ஒரு வார்த்தை வருகிற வரைக்கும் அவர்களுக்காக ஒரு வாசற்படி ஏற மாட்டேன். வராமலேயே தேர்தல் வந்தால், என் வாழ்க்கையின் முதல் ஓட்டு உங்கள் கட்சிக்கு விழாது. எந்தப் பெட்டி எந்த நிறம் என்று நன்றாகத் தெரிந்துகொண்டுதான் போடுவேன்.

கோபித்துக்கொள்ளுங்கள், பரவாயில்லை.

உங்கள் சொல்லை மீறின, உங்கள் பெயரை விடாத மூத்த மகள்,
கோவிந்தம்மா
திருத்தணி