சின்னவன் வண்டி நிறுத்தும் நேரம்

அன்பு மகனுக்கு,

உன்னையும் மருமகளையும் எல்லாம் வல்லவன் காத்தருள்வானாக.

அம்மா ஊன்றுகோலின்றி நடக்கிறாள். விபத்து இழப்பீட்டு வழக்கிற்காக, ஊனத்தின் அளவைக் கணிக்கும் மருத்துவர் குழுவிடம் நேற்று அழைத்துச் சென்றேன். கையைத் தூக்கச் சொன்னார்கள். "தூக்கிட்டேன் டாக்டர், பரண்லேர்ந்து ஏதாவது எடுத்துத் தரணுமா?" என்று கேட்டு அவர்களைச் சிரிக்க வைத்தாள். பிள்ளைகள் எத்தனை பேர் என்றார்கள். "ரெண்டு பேரு. மூத்தவன் வெளிநாட்டுல. சின்னவன் வெளியில வண்டியை நிறுத்திட்டிருக்கான், இப்ப வந்துடுவான்" என்றாள். நினைவாற்றலில் குறையில்லை என்று எழுதிக்கொண்டார்கள். விபத்தன்றே லாரி மோதி அவன் போய்விட்டானென்று அவர்களுக்குத் தெரியாது. அருகிலிருந்த நான் வாய் திறக்கவில்லை.

வழக்கறிஞர் கடிந்துகொண்டார். "என்ன ஐயா, அவங்களுக்குப் பெரிய காயமே அந்த மறதிதானே! மறுபரிசோதனைக்குக் கேக்கறேன். டாக்டர் முன்னாடியே அவங்ககிட்ட பையன் இறந்த விஷயத்தைச் சொல்லிடுங்க. கொஞ்ச நேரம் கழிச்சு அவரு திரும்பக் கேக்கட்டும். மறந்துட்டாங்கன்னா அதுவே சாட்சி" என்றார். இல்லையேல் கிடைக்கும் தொகை அவளுடைய தொடர் சிகிச்சைக்குப் போதாதாம்.

காரியம் முடிந்து நீ விமானம் ஏறிய மறுநாள் ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். அவள் அழுத அழுகையை எந்தத் தந்தையும் கேட்கலாகாது. உறங்கி எழுந்து, "சின்னவன் சாப்பிட்டானா?" என்றாள். இன்னொரு முறை, அதுவும் அந்நியர் எதிரில், அவனை அவளிடமிருந்து பறிக்க எனக்குக் கை வரவில்லை. நாள்தோறும் திருமுறை ஓதும் நாவு இது. இந்த ஒரு மெய்யைச் சொல்ல மறுக்கிறது. மறுபரிசோதனை வேண்டாமென்று சொல்லிவிட்டேன். சிகிச்சைக்கு இந்த வீட்டை விற்கலாம். நீ சினம் கொள்ளாதே.

விபத்தன்று சின்னவன் தன் தலைக்கவசத்தை அம்மாவுக்கு அணிவித்துவிட்டு வெறுந்தலையோடு ஓட்டினான். அதை அவள் மாலைதோறும் துடைத்து வாசல் ஆணியில் மாட்டி வைப்பாள். இன்று ஆணி வெறுமையாக இருக்கிறது. கேட்டால், "அவன்தான் வந்து எடுத்துட்டுப் போனான். நீங்க பூஜையில இருந்தீங்க" என்கிறாள். நான் வீட்டில் தேடவில்லை. தேடினால் கிடைத்துவிடுமோ என்று அஞ்சுகிறேன். தெருவில் வண்டிச் சத்தம் கேட்டால் இப்போது அவளுக்கு முன்னே நான் எழுந்துவிடுகிறேன்.

நீ தொலைபேசியில் அழைக்கையில் சில வேளை உன்னைச் சின்னவன் என்றே எண்ணிப் பேசுகிறாள். இனித் திருத்தாதே, மகனே. வண்டியை மெல்ல ஓட்டச் சொல்வாள். சரி என்று சொல்.

உங்கள் இருவருக்கும் ஆசிகளுடன்,
அப்பா